காலி இடம் இல்லாமல் மீட்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் பற்றி நாளிதழ்களில் வரும் வாசகர் கடிதங்களில் ஒரு வரி விடாமல் இடம்பெறுகிறது. “நாய் மேல் இவ்வளவு பாசம் இருந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமே!” 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு. விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சியில் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, அதே இடத்தில் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது. அதன்பின் “உங்கள் குழு எடுத்துக்கொள்ளுமா?” என்ற தொலைபேசி அழைப்புகள் எல்லாத் தன்னார்வக் குழுக்களுக்கும் கூடிவிட்டன. கேலிக்காக அந்த வரியை எழுதுபவர்களை விட்டுவிடுவோம். உண்மையாகவே அப்படி நினைப்பவர்களுக்காக, ஒரு நாயை எடுத்து இன்னொரு வீட்டில் நிலைக்க வைக்க என்னென்ன வேண்டும் என்று எழுதுகிறோம்.

முதலில், தெருவில் பார்க்கும் எல்லா நாயும் தத்துக் கொடுக்கும் நாய் அல்ல. தெருவிலேயே பிறந்து வளர்ந்த மூன்று நான்கு வயது நாய்க்கு அந்தத் தெருதான் வீடு. அதைக் கொண்டுபோய் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அடைத்தால், திறந்த கதவைப் பார்த்த அன்றே ஓடும். பழக்கமில்லாத சாலையில் அடிபடும். அதற்குச் செய்ய வேண்டியது கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, எடுத்த இடத்திலேயே விடுவது. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் இதைத்தான். வீடு தேட வேண்டியவை வேறு: தாயை இழந்த குட்டிகள், வளர்த்துக் கைவிடப்பட்டவை, கால் போய், கண் போய்த் தெருவில் பிழைக்க முடியாதவை, மனிதர் மடியைத் தானே தேடிவரும் சில பெரிய நாய்கள். இந்தப் பிரிவினை தெரியாமல் இறங்கும் குழு ஆறே மாதத்தில் மூச்சுத் திணறிப் போகிறது.

அடுத்தது கணக்கு. நமக்குத் தெரிந்தவரை எந்தத் தன்னார்வக் குழுவின் அளவும் அதன் வங்கி இருப்பில் இல்லை. நாயைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. எட்டு வார வயதில் வரும் குட்டிக்கு இரண்டு வாரம் தனிமை, மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசிகள், பிறகு வீடு பார்க்கும் அலைச்சல். எல்லாம் சேர்ந்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடிவிடும். ஆக, ஒரு தற்காலிக வீடு ஓய்வே இல்லாமல் வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஆறிலிருந்து எட்டு முறைதான் குட்டிகளை ஏற்க முடியும். மூன்று வீடுகள் உள்ள குழு, கார்த்திகை முதல் மாசி வரை குட்டிகள் குவியும் பருவத்தில் எத்தனை அழைப்புக்கு ‘சரி’ சொல்ல முடியும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். அந்த மூன்றிலும் ஒன்றை எப்போதும் காலியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

“அநாதைக் குட்டிகள் கிடக்கின்றன” என்று அழைப்பு வந்தால் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தாய் நாய் இரை தேடிப் போயிருக்கும். தூரத்தில் நின்று இரண்டு மூன்று மணி நேரம் பார்க்கச் சொல்ல வேண்டும். குட்டிகள் கொழுகொழுவென்று, வயிறு நிறைந்து, ஒன்றின் மேல் ஒன்று தூங்கினால் தாய் இருக்கிறாள். ஈரமாக, சில்லென்று, விடாமல் கத்திக்கொண்டிருந்தால்தான் சந்தேகம். தாய் இருந்தால் எட்டு வாரம் வரை அவளிடமே விட வேண்டும். மழை படாமல் ஒரு தார்ப்பாய் கட்டி, தாய்க்குச் சோறு வைத்தால் போதும். குட்டிகள் பால் மறந்ததும் முதல் வேலை தாய்க்குக் கருத்தடை. குட்டிகளை எடுத்துக்கொண்டு தாயை அப்படியே விட்டால், அடுத்த ஆறு மாதத்தில் அதே இடத்திலிருந்து அதே அழைப்பு வரும். நாயின் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள்தான்.

அழைப்பவர் சொல்லும் வயதை நம்பவும் கூடாது. கண் திறப்பது பிறந்த 10 முதல் 14 நாளில். மூன்று வாரத்தில் பால் பல் முளைக்கத் தொடங்கும், எட்டு வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழுந்து புதுப்பல் வரும். வாய்க்குள் எடுத்த ஒரு தெளிவான படம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். கண் திறக்காத குட்டி என்றால் ஒரு விதியை மறக்கவே கூடாது. உடம்பு சில்லென்று இருக்கும்போது பால் ஊட்டக் கூடாது. முதலில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துச் சூடேற்ற வேண்டும்; குளிர்ந்த உடம்பில் குடல் இயங்காது, ஊட்டிய பால் உள்ளேயே கெடும். ஊட்டும்போது குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். பசும்பால் வயிற்றைக் கலக்கும். நாய்க்குட்டிக்கென விற்கும் பால் பவுடரே நல்லது. ஒவ்வொரு முறை ஊட்டியதும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால்தான் சிறுநீரும் மலமும் வரும். இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை இதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பொறுப்பேற்க வேண்டும்.

அடிபட்ட பெரிய நாயைத் தூக்கும்போது எவ்வளவு சாதுவானதும் வலியில் கடிக்கும். கையில் கட்டுத்துணி இருந்தால் ஒரு சுருக்குப் போட்டு மூக்குத் தண்டின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு இரு முனைகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் அவிழ்க்கத் தோதான ஒரு முடிச்சு. வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சு வாங்கும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது. இடுப்போ முதுகோ அடிபட்டிருந்தால் பலகையிலோ விறைப்பான பாயிலோ சரித்து ஏற்ற வேண்டும். வலிக்கு நம் வீட்டுப் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் கொடுப்பது நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில், சொறி பிடித்த உடம்பில் வண்டி எஞ்சின் கழிவு எண்ணெய் என்று ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. நக்கி விழுங்கும் உயிருக்கு அவை விஷம். பெண் நாய்க்குப் பிறப்புறுப்பில் வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால் ‘பருவத்தில் இருக்கிறது’ என்று விடாதீர்கள். தெருநாய்களிடம் இணைசேர்க்கை வழியே பரவும் ஒரு கட்டி உண்டு. வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். பாதியில் நிறுத்தினால் திரும்பும்.

தன்னார்வலர் தன் உடம்பைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. நாயைத் தொடும் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் வெறிநோய் முன்தடுப்பு ஊசி மூன்றையும் போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். அதன்பிறகு கடிபட்டால் அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசிகள் போதும், கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படாது. கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது எல்லாருக்கும் பொது. “நான் தினமும் சோறு வைக்கிற நாய்தானே” என்று ஊசியைத் தள்ளிப்போடும் துணிச்சல் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. அதை நாங்கள் ரசிப்பதில்லை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, தள்ளாடியபடி எதையும் கவ்வும் நாயை யாரும் மீட்க முயலக் கூடாது. தூரத்திலிருந்து மாநகராட்சிக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்ல வேண்டும்.

குழுக்கள் அதிகம் அழிவது குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸால். தெருவிலிருந்து வந்த குட்டி முதல் நாள் துள்ளிக் குதிக்கும். மூன்றாம் நாள் சாப்பிடாது, ஐந்தாம் நாள் வாந்தியும் ரத்தப் பேதியும். நோய் உள்ளே இருந்து வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள், சிலசமயம் 14 நாள் வரை ஆகும். அதனால்தான் இரண்டு வாரத் தனிமை. தனிமை என்றால் கூடத்தின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இல்லை. தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம், தனிச் செருப்பு. வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும்.

பார்வோ பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் சாகாது. குளோரின் வேண்டும். புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு ஏறக்குறைய 60 கிராம் கலந்து, தெளிந்த நீரை ஊற்றித் தரை 10 நிமிடமாவது ஈரமாக இருக்கும்படி விட்டு, பிறகு கழுவிக் காய வைக்க வேண்டும். முதலில் மலத்தை வழித்துச் சோப்பு நீரில் கழுவாமல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. ஆசிட்டையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ இதோடு சேர்த்தால் விஷவாயு வரும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய வழியே இல்லை. அங்கே வைரஸ் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட இருக்கும். ஆகவே தத்தெடுக்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியவற்றில் ஒன்று: “கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் நாய்க்குட்டி ஏதும் பேதியாகி இறந்ததா?” ஆம் என்றால் அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முழுவதும் முடித்த பெரிய நாயைத்தான் கொடுக்க வேண்டும். பலரும் நல்ல மனதோடு, ‘போன குட்டி செத்துப்போச்சு, இன்னொண்ணு குடுங்க’ என்று அதே வாரம் வருவார்கள்.

தடுப்பூசி போட்டும் ஏன் பார்வோ வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. தாயிடமிருந்து குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே முறியடித்துவிடும். அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதற்காகத்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும், பிறகு மருத்துவர் சொல்லும் நாளிலும் ஆண்டுதோறும். இன்னொரு காரணம் நம் வெயில். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் கடையில் வாங்கிப் பைக் பெட்டியில் போட்டு அலைந்து வந்து போட்ட ஊசியும் ஊசிதான், அட்டையில் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று, உள்ளே மருந்துதான் செத்துப் போயிருக்கும். ஐஸ் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள்.

குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும். உண்ணியைப் பொறுத்தவரை நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் மூன்று வாரத்தில் திரும்பிவரும். பூனையும் இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து கூடவே கூடாது, பூனை இறந்துவிடும்.

இனி வீடு தேடுவது. சமூக ஊடகங்களில் ரத்தமும் கண்ணீருமாகப் போடும் பதிவுகளுக்கு நூறு பேர் ‘பாவம்’ என்று எழுதுவார்கள். அந்த இரக்கத்தில் எடுத்துப் போகிறவர் வீட்டில் நாய் ஒரு மாதம் நின்றால் அதிர்ஷ்டம். நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு நேரான படம் போதும். கீழே உண்மை எழுத வேண்டும். வயது, ஆணா பெண்ணா, கருத்தடை ஆயிற்றா, வளர்ந்தால் 15 முதல் 20 கிலோ வரும், பூனையைத் துரத்தும், தனியாக விட்டால் செருப்பைக் கடிக்கும். குறையை மறைத்துக் கொடுத்த நாய் அந்தக் குறையோடேயே திரும்பி வரும். ‘லாப்ரடார் கலப்பு’ என்று நாட்டுக்குட்டிக்குப் பட்டம் கட்டுவதும் அப்படித்தான். நாட்டுநாய்க்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளும், சாப்பாட்டில் அடம் இல்லை, ரோமம் பராமரிக்க வேண்டாம். இதைச் சொல்லியே கொடுக்கலாமே!

இனநாய் கைவிடப்பட்டுக் கிடைத்தால் நிலைமை தலைகீழ். ஹஸ்கியோ ராட்வைலரோ, ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ, படம் போட்ட ஒரு மணி நேரத்தில் ஆள் வரும். அதில் குட்டி போட வைத்து விற்பவர்களும் இருப்பார்கள். எனவே கருத்தடைக்கு முன்னால் இனநாய் கைமாறவே கூடாது. முதலில் கால்நடை மருத்துவமனையில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து உரிமையாளரைத் தேட வேண்டும். தொலைந்த நாயாகவும் இருக்கலாம். பதிவில் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றில் ஒரு மச்சமோ காதில் ஒரு கிழிசலோ. ‘என் நாய்தான்’ என்று வருபவர் அதைச் சொல்ல வேண்டும், பழைய படங்களும் தடுப்பூசி அட்டையும் காட்ட வேண்டும். கைவிட்டவர்தான் என்று உறுதியானால் புகார் கொடுக்கலாம். ஆனால் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தப் பணத்துக்கு ஒரு பாக்கெட் நாய் பிஸ்கட் வராது.

விண்ணப்பம் வந்ததும் விசாரணை. ‘போலீஸ் மாதிரிக் கேட்கிறீர்கள்’ என்று பலர் கோபப்படுவார்கள். கேட்கத்தான் வேண்டும். வீடு சொந்தமா வாடகையா? வாடகை என்றால் வீட்டு உரிமையாளர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? அடுக்ககச் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வாடகை வீட்டுக்காரர் ‘காலி பண்ணு’ என்று சொன்னால் அந்தத் தாள் உதவாது. பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? பெரும்பாலும் விண்ணப்பிப்பவர் கல்லூரிப் பையன், பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது அவருடைய அம்மாவோ பாட்டியோ. அந்த அம்மாவிடம் நேரில் பேசாமல் கொடுத்த நாய்தான் அதிகம் திரும்பி வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்? இரவில் எங்கே படுக்கும்? ‘தோட்டத்துக்குக் காவல் வேணும்’ என்பவருக்கும், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகத் திடீரென்று கொடுக்க நினைப்பவருக்கும் நாங்கள் கொடுப்பதில்லை. முதலாவதில் ஆளில்லாத இடத்தில் ஆயுள் முழுவதும் சங்கிலி; இரண்டாவதில் பொம்மை அலுத்ததும் தெரு.

பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக் கம்பிக்குள் குட்டியின் தலை நுழையுமா, கிணற்றுக்கும் தரைத்தொட்டிக்கும் மூடி உண்டா, எலி மருந்து எங்கே வைக்கிறார்கள், ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் உடம்பும் தண்ணீர்க் கிண்ணமும் எப்படி இருக்கின்றன என்று கண்ணில் படும். தத்து முகாம்களில் அங்கேயே குட்டியைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான். முகாமில் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கலாம். குட்டி, வீடு பார்த்த பிறகுதான். அன்றே கிடைக்காவிட்டால் ஆர்வம் போய்விடும் என்பார்கள். ஒரு வாரத்தில் வடிந்துவிடும் ஆர்வத்தை நம்பிப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழும் உயிரைக் கொடுக்க முடியுமா?

எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான பெரிய சிக்கல் பெண் குட்டிகள். ஒரு ஈற்றில் ஆண் குட்டிகள் முதலில் போகும், பெண் குட்டிகள் மிஞ்சும். ‘பரவாயில்லை’ என்று எடுத்துப் போனவரும் ஏழெட்டு மாதத்தில் முதல் பருவம் வந்து, வாசலில் ஐந்தாறு ஆண் நாய்கள் சுற்றத் தொடங்கியதும் பதறிப்போவார். கருத்தடைக்கு நாள் குறிக்கத் தள்ளிப்போட்டு, அதற்குள் சினையாகி, ஒரு இரவில் வேறு ஊர்ச் சாலையில் இறக்கிவிடப்படும் நாய்கள் ஏராளம். இப்படியாக, தத்துக் கொடுப்பதே தெருநாய்களைக் கூட்டும் வழியாகிவிடுகிறது. இதற்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து இரண்டு. பெரிய நாய் என்றால் கருத்தடை முடித்துத் தையல் ஆறிய பிறகே கொடுப்பது. குட்டி என்றால் ஒப்பந்தத்தில் கருத்தடை மாதத்தையும் மருத்துவமனையையும் அன்றே எழுதி, திருப்பித் தரும் முன்பணமாக ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கி வைப்பது. அறுவை சிகிச்சை ரசீதைக் காட்டினால் பணம் திரும்பும். ‘நாயை விற்கிறார்கள்’ என்ற பேச்சு வரும், வரட்டும். முன்பணம் வாங்கும்போதே அதற்குக் கையெழுத்திட்ட ரசீது கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்குப் பதில் கையில் இருக்கும்.

ஒப்பந்தத் தாளுக்குச் சட்ட வலு எவ்வளவு என்று கேட்டால், அதிகமில்லை. வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், முடியாவிட்டால் குழுவிடமே திருப்பித் தருவேன், பார்க்க வந்தால் அனுமதிப்பேன் என்று ஒருவர் தன் கையெழுத்தில் எழுதும்போது அது அவர் மனதில் பதிகிறது. அதற்காகத்தான். அடையாள அட்டை நகல் இல்லாமல் எந்த நாயும் போகக் கூடாது. சென்னை போல உரிமமும் மைக்ரோசிப்பும் உள்ள நகரங்களில் அவற்றைத் தத்தெடுப்பவர் பெயருக்கு மாற்றும்வரை கோப்பை மூடக் கூடாது.

நாய் புது வீட்டுக்குப் போன முதல் மூன்று நாள்தான் ஆபத்து அதிகம். அது சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் ஒளியும், இரவில் முனகும். கதவு திறந்த நொடியில் பாய்ந்தால், எங்கே திரும்பிவர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதனால் முதல் இரண்டு வாரம் வெளியே கூட்டிப் போகும்போது கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. தொலைபேசி எண் பொறித்த வில்லை முதல் நாளே கழுத்தில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் புது நாய் எதையும் கொடுக்காமல் இருப்பது நல்லது. தற்காலிக வீட்டில் தின்ற அதே உணவை ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்ல வேண்டும். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பது போதாது, முட்டையோ கோழியோ புரதம் வேண்டும். சைவ வீடு என்றால் அதற்கான வழியை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்வோம். நாங்கள் தொலைபேசி செய்வது மறுநாள், மூன்றாம் நாள், வார முடிவு, மாத முடிவு, பிறகு கருத்தடை மாதம். ‘எப்படி இருக்கிறான்?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கான்’ என்பார்கள். ‘நேற்று ராத்திரி எங்கே படுத்தான்?’ என்று கேட்டால்தான் மாடியில் கட்டிப் போட்டது தெரியவரும்.

இவ்வளவு செய்தும் சில நாய்கள் திரும்பி வரும். குழந்தைக்கு ஒவ்வாமை, வேலை மாற்றம், பழைய நாயோடு சண்டை, அல்லது வெறும் மனமாற்றம். காரணம் எதுவானாலும் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அடுத்தவர் சொல்லாமலே தெருவில் விடுவார். ‘கொண்டு வாருங்கள், எடுத்துக்கொள்கிறோம்’ என்று அன்றே சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்வதற்குத்தான் அந்தக் காலி இடம். எல்லா வீட்டையும் நிரப்பிவிட்ட குழு, நாயைத் திருப்பித் தர வருபவரிடம் ‘ஒரு வாரம் பொறுங்கள்’ என்கிறது. அந்த ஒரு வாரத்தில் நாய் தெருவுக்குப் போய்விடுகிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன ‘மறுபடி தெருவுக்கு வரக் கூடாது’ என்ற பொறுப்பை ஒரு குழு நிறைவேற்ற வேறு வழியே இல்லை. கண்ணெதிரே அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்தும் அந்த இடத்தை நிரப்பாமல் இருப்பது கடினம்தான். முதலுதவியும் மருத்துவமனையும் செய்யலாம், அழைத்தவரையே இரண்டு வாரம் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். மருந்தும் உணவும் கூண்டும் நாங்கள் தருகிறோம் என்று சொன்னால், ‘முடியாது’ என்றவர்களில் சிலர் யோசிக்கிறார்கள்.

இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள் கடைசியில் இரண்டு அறை வீட்டில் முப்பது நாற்பது நாய்களோடு நிற்கிறார்கள். உண்ணியும் தொற்றும் சண்டையும் மலிந்து, அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகும்போது மீட்ட நாய்களே மீட்கப்பட வேண்டியவை ஆகின்றன. ஒரு வீட்டுக்கு இத்தனை என்று முதல் நாளே எழுதி ஒட்டிக்கொள்வதே பாதுகாப்பு. பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடையைத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு வாங்குவது சந்தேகத்துக்கும் வருமான வரிச் சிக்கலுக்கும் வழி. அறக்கட்டளையாகப் பதிவு செய்து, இருவர் கையெழுத்திடும் கணக்கு வைத்து, மருத்துவமனை ரசீதை அப்படியே வெளியிட வேண்டும். கட்டணக் காப்பகத்தில் நாயை விட்டுவிட்டு வீடு தேடலாம் என்று நினைத்தால் பணமெல்லாம் அங்கேயே கரையும், நாயும் மனிதப் பழக்கம் குறைந்து தத்துக்கு உதவாமல் போகும். குட்டிகள் மனிதர், பிற நாய், ஓசை, வாகனம் எல்லாவற்றையும் பயமின்றிப் பழகிக்கொள்வது மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரைதான். அந்தக் காலத்தைக் கூண்டில் கழித்த குட்டி பிற்பாடு கூச்சமும் கடியுமாக வளரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் ‘நாய்க்குட்டிகள் இலவசம்’ என்று படத்தோடு வரும் அறிவிப்புகளில் நான்கு விவரங்களைக் கட்டாயமாக்கலாம்: வாரக் கணக்கில் வயது, போட்ட தடுப்பூசிகளின் தேதி, தாய்க்குக் கருத்தடை ஆயிற்றா, முடியாவிட்டால் குட்டியைத் திரும்ப ஏற்பவர் யார். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளின் அறிவிப்பை நிறுத்தி வைக்கலாம்.

உள்ளாட்சிகளுக்கும் ஒன்று. தத்துப் போன குட்டிகள் ஆறு மாதம் தொட்டதும், குறிப்பாகப் பெண் குட்டிகளுக்கு, மாநகராட்சிக் கருத்தடை மையங்களில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தர வேண்டும். புறநகரில் மையமே இல்லாத பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் பக்கத்து மாநகராட்சியோடு சேர்ந்து அந்த நாளைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு உத்தரவு போதும். அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவருவதும், தையல் ஆறும்வரை வைத்துப் பார்ப்பதும் எங்களைப் போன்ற குழுக்களால் முடியும்.

இப்படிக்கு,
தெருநாய் மீட்புத் தன்னார்வலர்கள்,
தாம்பரம் வட்டாரம்.